புள்ளைய எங்க கூட்டிட்டு போறது? பால் கடைக்கு!

சனிக்கிழமை ஆனா, தடுப்பூசி போட வர்ற பெத்தவங்ககிட்ட இருந்து இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். "டாக்டர், இவனுக்கு ஒன்றரை வயசு. நாளைக்கு லீவு. எங்க கூட்டிட்டு போனா மூளை வளர்ச்சிக்கு நல்லது?"

என் பதில்: தெருமுனை பால் கடைக்கு. நடந்து.

சிலர் சிரிப்பாங்க. சிலர், டாக்டர் ஏதோ அவசரத்துல நம்மள அனுப்பி வைக்கிறார்னு நினைச்சு கிளம்பிடுவாங்க. நான் சீரியஸா தான் சொல்றேன். ஓபி-ல அஞ்சு நிமிஷத்துல விளக்க முடியல, அதனால இங்க கொஞ்சம் நீளமா எழுதுறேன். வீட்ல 1 முதல் 3 வயசுக்குள்ள ஒரு வாண்டு இருந்தா டீய வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஒரு கணக்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்துல கேரன் அடால்ஃப்னு ஒரு உளவியல் பேராசிரியர். குழந்தைங்க எப்படி நடக்கக் கத்துக்குறாங்கன்னு பல வருஷமா ஆராய்ச்சி பண்றவங்க. 2012ல அவங்க குழு வெளியிட்ட ஆய்வுல, 12 மாசத்துல இருந்து 19 மாசம் வரையான குழந்தைங்கள இஷ்டத்துக்கு விளையாட விட்டு எண்ணிப் பாத்தாங்க. சராசரியா ஒரு மணி நேரத்துல 2,368 அடி. அதே ஒரு மணி நேரத்துல 17 தடவை கீழ விழறாங்க.

நாம கையில வாட்ச் கட்டிட்டு ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தோம்னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். நடக்கப் பழகுன வாண்டு அதை நாலஞ்சு மணி நேர விளையாட்டுலயே முடிச்சிரும்.

இன்னொண்ணு. அதே குழுவுல 2019ல வந்த ஆய்வு. 15 மாசக் குழந்தைங்க சிலர பொம்மை நிறைஞ்ச ரூம்ல விட்டாங்க, சிலர பொம்மையே இல்லாத ரூம்ல விட்டாங்க. பொம்மை ரூம்ல தான் நிறைய நடப்பாங்கன்னு நீங்களும் நானும் பந்தயம் கட்டியிருப்போம். நடந்த அளவு ரெண்டுலயும் ஒண்ணுதான். பொம்மை இருந்த ரூம்ல அம்மா அப்பாவ விட்டு கொஞ்சம் தள்ளிப் போய் புது மூலையெல்லாம் பாத்தாங்க, அந்த வித்தியாசம் இருந்துச்சு. ஆனா நடக்கறதுக்கு பொம்மை தேவைப்படல. இடம் இருந்தாலே போதும்.

அதாவது நமக்கு போய்ச் சேர்ற இடம் முக்கியம். அதுங்களுக்கு போறதே முக்கியம். வெளிய கிளம்பும்போது நமக்கும் குழந்தைக்கும் வர்ற சண்டையில பாதி இங்க தான் ஆரம்பிக்குது.

எங்க வீட்ல இருந்து பால் கடை 150 மீட்டர் இருக்கும். நான் தனியா போனா ரெண்டு நிமிஷம். என் ரெண்டு வயசுப் பொண்ணோட போனா 25 நிமிஷம்.

முதல்ல பக்கத்து வீட்டு கேட். அதோட தாழ்ப்பாள ரெண்டு தடவை ஆட்டணும். அப்புறம் சாக்கடை மூடி. அதுல ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குள்ள எட்டிப் பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு கேட்டா "தண்ணி"ன்னு ரொம்ப ரகசியமா சொல்லுவா. அடுத்தது ஒரு ஆடு. ஆடு கட்டியிருக்கற கயிறு. கயிறு கட்டியிருக்கற கம்பம். அப்புறம் இஸ்திரி வண்டி. இது பெரிய ஸ்டேஷன், குறைஞ்சது அஞ்சு நிமிஷம் நிக்கும். இஸ்திரிப் பெட்டியில இருந்து கரி புகையறத கொஞ்சம் தள்ளி நின்னு பாக்கணும், அந்த அண்ணன் துணியில தண்ணி தெளிக்கும்போது கை தட்டணும். வழியில ஒரு கோலம். அதை மிதிக்காம போறது எப்படின்னு அவ இன்னும் கத்துக்கல. அந்த வீட்டு அம்மா "மிதிச்சிட்டு போ தங்கம், நாளைக்கு வேற போட்டுக்கறேன்"னு சொல்லுவாங்க.

கடையில காச அவ தான் குடுக்கணும். பால் பாக்கெட்ட ரெண்டு கையாலயும் வாங்கி கன்னத்துல வச்சுக்குவா. ஒரு நாள் அப்படி வச்சுட்டு "பாலு ஜில்லு"ன்னா.

ஒரு அப்பாவுக்கு அது சந்தோஷம். ஒரு டாக்டருக்கு அது ரெண்டு வார்த்தை வாக்கியம். ரெண்டு வயசு வாக்குல குழந்தைகிட்ட நாங்க எதிர்பார்க்கற முக்கியமான மைல்கல். அது வந்தது எந்த ஃபிளாஷ் கார்டுல இருந்தும் இல்ல. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாக்கெட் கன்னத்துல பட்டதுல இருந்து.

இங்க கொஞ்சம் மருத்துவம் பேசிடறேன்.

ஒரு வயசு வாக்குல குழந்தைங்க சுட்டு விரல நீட்டிக் காட்ட ஆரம்பிப்பாங்க. காக்கா, ஃபேன், நிலா. நிறைய வீட்ல இத அழகா இருக்குன்னு மட்டும் தான் பாக்குறோம். எங்களுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். "எனக்கு அது வேணும்"னு நீட்டறது வேற. "அங்க பாரேன்"னு நீட்டி, உடனே திரும்பி நீங்க பாக்குறீங்களான்னு உங்க முகத்த பாக்குறது வேற. ரெண்டாவதுல தான் பேச்சோட வேர் இருக்கு. ஒரே பொருள ரெண்டு பேரும் சேர்ந்து கவனிக்கிறது.

அந்த நேரத்துல நீங்க என்ன சொல்றீங்கன்றது முக்கியம். 1986லயே டொமசெல்லோ, ஃபரார்னு ரெண்டு பேர் செஞ்ச ஆய்வு இருக்கு. குழந்தை ஏற்கனவே பாத்துட்டு இருக்கற பொருளுக்குப் பேர் சொன்னா அந்த வார்த்தைய நல்லா பிடிச்சுக்குது. அதோட கவனத்த வேற பக்கம் திருப்பி, நாம காட்டுற பொருளுக்குப் பேர் சொன்னா அந்த அளவுக்குப் பிடிக்கறதில்ல.

இத எப்பவும் நான் வண்டலூர் உதாரணம் வச்சு தான் சொல்லுவேன். புலி காட்டணும்னு அவ்வளவு தூரம் கூட்டிட்டு போவோம். குழந்தை புலி கூண்டுக்கு முதுகக் காட்டிட்டு, குழாய்ல இருந்து சொட்டுற தண்ணிய பாத்துட்டு நிக்கும். "அங்க பாரு புலி, புலி பாரு"ன்னு தலையப் பிடிச்சுத் திருப்புவோம். அது அழும். டிக்கெட் காசு போச்சேன்னு நமக்கும் அழுகை வரும்.

விடுங்க. பக்கத்துல உக்காந்து "தண்ணி சொட்டுது, சொட் சொட்"னு சொல்லுங்க. அன்னிக்கு அதுக்கு சொட்டுற தண்ணி தான் ஜூ. புலி எங்கயும் போகாது, நாலு வயசுல பாத்துக்கலாம்.

இப்ப கொஞ்சம் கசப்பான ஏரியா. போன்.

ஹோட்டல்ல சாப்பிடப் போறீங்க. பக்கத்து டேபிள்ல ரெண்டு வயசுக் குழந்தை. தண்ணி டம்ளர் மேல போன் சாஞ்சு நிக்குது, அதுல கார்ட்டூன் ஓடுது, அம்மா இட்லிய வாயில வைக்கிறாங்க, குழந்தை மெல்லுது. என்ன சாப்பிடுறோம்னு அதுக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்த நான் திட்ட மாட்டேன். வாரம் பூரா உழைச்சுட்டு ஒரு வேளை சூடா தோசை சாப்பிடணும்னு வந்திருக்காங்க, குழந்தை கத்துனா நாலு டேபிள் திரும்பிப் பாக்குது. அந்தப் பார்வைக்குப் பயந்து தான் பாதிப் போன் வெளிய வருது. திரும்பிப் பாக்குற நாமளும் கொஞ்சம் மாறணும்.

ஆனா மருத்துவ ரீதியா சொல்ல வேண்டியத சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது: ஒரு வயசுக் குழந்தைக்கு ஸ்கிரீன் வேண்டாம். ரெண்டு வயசுல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, அதுவும் குறைவா இருந்தா நல்லது. இந்திய குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தோட 2021 வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதே தான். ரெண்டு வயசுக்குள்ள எதுவும் வேண்டாம், ஊர்ல இருக்கற தாத்தா பாட்டிகூட எப்பவாவது வீடியோ கால் பேசறது மட்டும் விதிவிலக்கு. அதே உலக சுகாதார நிறுவனம் 1 முதல் 4 வயசுக் குழந்தைங்க ஒரு நாளைக்கு மொத்தமா 180 நிமிஷமாவது ஓடியாடி இருக்கணும்னும் சொல்லுது. தொட்டில் வண்டியிலயோ சேர்லயோ ஒரே மூச்சுல ஒரு மணி நேரத்துக்கு மேல கட்டி வைக்காதீங்கன்னும் சொல்லுது.

180 நிமிஷம்னதும் பயந்துடாதீங்க. உடற்பயிற்சி இல்ல அது. வீட்டுக்குள்ள நடக்கறது, படி ஏறுறது, பால் கடைக்குப் போறது எல்லாம் அந்தக் கணக்குல சேரும்.

ஹோட்டலுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரு வழி: கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போங்க. உக்காந்ததும் குழந்தைக்கு இட்லிய முதல்ல சொல்லிடுங்க. தோசைக் கல்லு தெரியற டேபிள் கிடைச்சா விடாதீங்க. மாவு ஊத்தி வட்டமா இழுக்கறத விட நல்ல கார்ட்டூன் நான் பாத்ததில்ல. அப்பவும் அழுதா ஒருத்தர் வெளிய தூக்கிட்டுப் போய் வண்டிங்களக் காட்டுங்க, ஒருத்தர் சாப்பிடுங்க, அப்புறம் மாத்திக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட முடியாது தான். இன்னும் ஒரு வருஷம்.

நம்ம போனையும் சொல்லணும். பார்க்ல பாத்திருக்கேன். குழந்தை இலை ஒண்ண எடுத்து நீட்டிட்டே நிக்கும், அப்பா ரீல்ஸ் பாத்துட்டே "சூப்பர்டா கண்ணா"ம்பார். குழந்தைக்கு அது புரியும். ரெண்டு மூணு தடவை நீட்டிப் பாக்கும், அப்புறம் நீட்டாது. ஒரு போட்டோ எடுங்க, எனக்கும் ஆசை தான். எடுத்துட்டு பாக்கெட்ல போட்டுடுங்க.

காசு கட்டி உள்ள விடுற ப்ளே ஏரியா தப்பா? தப்பில்ல. மழை, வெயில், வீட்ல இடம் இல்ல, போங்க. ஆனா மாசக் கடைசியில கையப் பிசைஞ்சுட்டு "நம்ம புள்ளைக்கு அதெல்லாம் பண்ண முடியலையே டாக்டர்"னு ஒரு அப்பா சொல்லும்போது கஷ்டமா இருக்கு. அந்தக் குற்ற உணர்ச்சி தேவையே இல்லாதது. அத நம்ம தலையில ஏத்துனது விளம்பரம், மருத்துவம் இல்ல.

காசில்லாத ஒரு அருமையான அவுட்டிங் சொல்றேன். டவுன் பஸ்.

தமிழ்நாட்டுல 2021ல இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. அரசு பஸ்ல 5 வயசு வரைக்கும் குழந்தைக்கும் இல்ல. அதாவது ஒரு அம்மாவும் வாண்டும் கூட்டம் இல்லாத மதியம் மூணரை மணிக்கு ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே பஸ்ல திரும்பி வந்தா செலவு பூஜ்யம். கண்டக்டர் விசில், மாடு குறுக்க வர்றது, பூக்கூடை, பின் சீட்ல முறுக்கு கடிக்கிற சத்தம். எல்லாத்துக்கும் மேல, முன் சீட்ல ஒரு பாட்டி கண்டிப்பா இருப்பாங்க. திரும்பிப் பாத்து "உன் பேரென்னடி குட்டி? மாமா வீட்டுக்குப் போறியா?"ன்னு ஆரம்பிப்பாங்க. குழந்தை அம்மா தோள்ல முகத்த புதைச்சுக்கும். கொஞ்ச நேரத்துல ஒரு கண்ணால எட்டிப் பாக்கும். பாட்டி கண்ணாமூச்சி காட்டுவாங்க. இந்த விளையாட்ட பேச்சுப் பயிற்சி நிபுணர் கிளினிக்ல உக்காந்து காசு வாங்கிட்டு சொல்லித் தருவார். மாறி மாறி பேசறதோட அரிச்சுவடி அது. பஸ்ல இலவசம்.

ரயிலும் அப்படித்தான், 5 வயசுக்குக் கீழ டிக்கெட் வேண்டாம். சென்னைக்காரங்க கூட்டம் இல்லாத நேரமா பாத்து மின்சார ரயில்ல ரெண்டு ஸ்டேஷன் போயிட்டு வாங்க. கதவு பக்கம் மட்டும் வேண்டாம்.

பயம் எதுக்குப் படணும், எதுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன். ஏன்னா நாம தப்பான விஷயத்துக்குத் தான் நிறைய பயப்படுறோம்.

மண்ணுல விழுந்து முட்டி தேய்ஞ்சா பயம் வேண்டாம். மணிக்கு 17 தடவை விழற ஆளு அது. "ஐயோ"ன்னு நாம கத்துற சத்தத்துக்கு தான் பாதி அழுகை. சோப்பு தண்ணியில கழுவி விடுங்க. தலையில அடிபட்டு திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், வலிப்பு, உயரத்துல இருந்து விழுந்தது, இதுக்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரி. மண்ணு தொட்டா கை கழுவுங்க. பூச்சி மாத்திரை அங்கன்வாடியில வருஷத்துக்கு ரெண்டு தடவை தர்றாங்க, ஒரு வயசுக்கு மேல உள்ள குழந்தைக்கு வாங்கிக் குடுங்க. ரெண்டு வயசு வரைக்கும் அரை மாத்திரை, பொடி பண்ணி.

பயப்பட வேண்டியது பைக். முன்னாடி டேங்க் மேல குழந்தைய உக்கார வச்சு, இல்ல ஸ்கூட்டர்ல நிக்க வச்சு போறோம் பாருங்க, அது. 9 மாசத்துல இருந்து 4 வயசு வரை பைக்ல போற குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட், வேகம் 40க்கு மேல கூடாதுன்னு மத்திய அரசு 2022லயே விதி போட்டாச்சு. எத்தனை பேர் கட்டுறோம்? "பக்கத்துல தானே"ன்னு கிளம்புற பயணத்துல அடிபட்ட குழந்தைங்கள எமர்ஜென்சியில பாத்தவன் சொல்றேன். பக்கத்துல தானேன்னா நடந்து போங்க.

அடுத்தது தின்பண்டம். பீச்சுல சுண்டல் வாங்குனா குழந்தைக்கு நசுக்கிக் குடுங்க. முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், ஜெல்லி மிட்டாய் நாலு வயசு வரை வேண்டாம். மூச்சுக் குழாய்ல மாட்டிக்கும். ஓடும்போது வாயில எதுவும் வேண்டாம்.

நாய். பல் பட்டு சின்னக் கீறல்னாலும் ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், அன்னிக்கே ஊசி. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம்.

இவ்வளவு சொல்லிட்டு தெருவப் பத்திப் பேசாம இருக்க முடியாது. "நடந்து போங்கன்னு ஈஸியா சொல்றீங்க டாக்டர், எங்க தெருவுல நடக்க இடம் எங்க?"ன்னு நீங்க கேப்பீங்க. சரியான கேள்வி. நடைபாதை இருந்தா அது மேல பைக் நிக்குது. இல்லன்னா டிரான்ஸ்பார்மர், இல்லன்னா கடையோட போர்டு. 2019ல சென்னை பாண்டி பஜார்ல அகலமான நடைபாதை போட்டாங்க, அங்க வாண்டுங்க கைய விட்டு ஓடுறத பாத்திருப்பீங்க. அது ஒரு ரோடு. மத்த ரோட்ல எல்லாம் கைய இறுக்கிப் பிடிச்சுட்டு ஓரமா இழுத்துட்டு தான் போறோம்.

ரெண்டு வயசுக் குழந்தை நடக்க முடியாத தெருவுல எழுபது வயசு பாட்டியும் நடக்க முடியாது. இத குடும்ப விஷயமா நினைக்காதீங்க. இது கவுன்சிலர் விஷயம். கிராம சபையில, வார்டு கூட்டத்துல ரோடு, தண்ணி, லைட்டு கேக்குறோம்ல, அதோட சேர்த்து நடைபாதையும் கேளுங்க. நம்ம வீட்டு பைக்கையும் கேட்டுக்குள்ள ஏத்தி நிறுத்துங்க. அதுவரைக்கும் வண்டி குறைவான சந்து, கோயில் பிரகாரம், பள்ளிவாசல் முற்றம், சர்ச் மைதானம், மொட்டை மாடி. காலைல 9 மணிக்கு முன்னாடி, சாயங்காலம் 4 மணிக்கு மேல. சித்திரை வைகாசியில அதுவும் பாத்து.

வேலைக்குப் போற பெத்தவங்க "எட்டு மணிக்கு தான் வீட்டுக்கே வர்றோம்"பாங்க. அப்ப குப்பை கொட்டப் போகும்போது கூட்டிட்டு போங்க. பத்து நிமிஷம் போதும், அதுல தெரு விளக்கு, பூனை, நிலா மூணும் வந்துடும்.

ஞாயித்துக்கிழமை காலைல அப்பாக்களே, நீங்க மட்டும் கூட்டிட்டு போங்க. டயப்பர், தண்ணி, மாத்துத் துணி எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேக்காம நீங்களே எடுத்து வைங்க. அந்த ஒரு மணி நேரம் அம்மா தூங்கட்டும், இல்ல சும்மா உக்காந்திருக்கட்டும். எங்க வீட்ல அது என் டூட்டி. தனியா போனா தான் உங்களுக்கும் குழந்தைக்கும் நடுவுல உங்களுக்குன்னு ஒரு பாஷை உருவாகும்.

திரும்பி வர மாட்டேன்னு ரோட்ல படுத்து உருளும். உருளத்தான் செய்யும், அந்த வயசு. திடீர்னு தூக்கிட்டு கிளம்பாம, "இன்னொரு தடவை ஆட்டுக்குட்டிக்கு டாட்டா, அப்புறம் வீடு"ன்னு முன்கூட்டியே சொல்லுங்க. எல்லாத்துக்கும் டாட்டா சொல்லிட்டு வந்தா பாதி நாள் வேலை செய்யும். மீதி நாள் இடுப்புல தூக்கிட்டு வர வேண்டியது தான். யார் பாத்தாலும் பரவால்ல.

இன்னும் ஒண்ணு, இத தள்ளிப் போடாதீங்க. 18 மாசத்துலயும் நடக்கல, எதையும் விரல் நீட்டிக் காட்டறதில்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறதில்ல, ரெண்டு வயசாகியும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசல, பேசிட்டு இருந்த வார்த்தை நின்னு போச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் குழந்தை மருத்துவர பாருங்க. "அவங்க அப்பாவும் லேட்டா தான் பேசினான்"னு பாட்டி சொல்றத கேட்டுட்டு வருஷத்த விட்டுடாதீங்க. மாவட்ட அளவுல அரசு ஆஸ்பத்திரிகள்ல குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கு. காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி எல்லாம் இலவசமா பண்றாங்க. வெளிய கூட்டிட்டு போறதால இதெல்லாம் சரியாகிடும்னு நான் சொல்லல. தெருவுல கூட நடக்கறவங்களுக்கு இது சீக்கிரம் கண்ணுல படும், அவ்வளவு தான்.

சரி, உங்க வீட்டு வாண்டு எந்த ஸ்டாப்ல ரொம்ப நேரம் நிக்கும்? எங்க வீட்ல இஸ்திரி வண்டி.